நீக்கிவிட்டோம் என்ற அறிவிப்போடு பொறுப்பு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொய்ச் செய்திகளைப் பற்றிப் பேசும்போது, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் வதந்தி, தேர்தல் நேரத்துப் போலிப் படம், தீராத நோயைத் தீர்ப்பதாகச் சொல்லும் குறிப்பு ஆகியவற்றோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். ஓர் அரசோ அதன் ராணுவமோ சம்பளம் கொடுத்து ஆட்களை அமர்த்தித் திட்டமிட்டுப் பொய்யைப் பரப்பும்போது, சமூக ஊடக நிறுவனங்கள் அதை எப்படிக் கையாளுகின்றன என்ற கேள்வி நம் பத்திரிகைகளில் போதிய அளவு எழுப்பப்படுவதில்லை. அந்தக் கேள்விக்கு மிகக் கசப்பான விடை நம் அண்டை நாடான மியான்மரில் கிடைத்திருக்கிறது. அங்கு நடந்ததை முன்வைத்து ஒன்றைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அரசின் போலிப் பக்கங்களை நீக்கிவிட்டோம் என்று அறிவிப்பதோடு ஒரு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அவற்றை யார் நடத்தினார்கள், என்ன எழுதினார்கள், அது யாரைச் சென்றடைந்தது என்ற விவரங்களை விசாரணை அமைப்புகளிடம் ஒப்படைத்து, ஏமாற்றப்பட்ட மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே தெரிவிக்கும் வரை அந்தப் பொறுப்பு நிலுவையில்தான் இருக்கிறது.

மியான்மரில் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒரு சிம் கார்டு வாங்க நூற்றுக்கணக்கான டாலர் செலவழிக்க வேண்டியிருந்தது. 2014-ல் நார்வேயின் டெலினார், கத்தாரின் ஊரீடூ ஆகிய நிறுவனங்கள் அங்கு கால்பதித்ததும் அதே சிம் கார்டு ஏறக்குறைய ஒன்றரை டாலருக்குக் கிடைத்தது. கணினியையே தொட்டிராத லட்சக்கணக்கானோர் நேரடியாகக் கைபேசி வழியாக இணையத்துக்குள் வந்தார்கள். கடைக்காரரே முகநூலை ஏற்றிக் கொடுத்த கைபேசிதான் அவர்களுக்கு வாய்த்தது என்பதால், இணையம் என்றாலே முகநூல் என்றாகிவிட்டது. செய்தித்தாள், வானொலி, அரசு அறிவிப்பு, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் அந்த ஒரே திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பல பத்தாண்டுகள் தணிக்கையின் கீழ் வாழ்ந்து, அரசு ஊடகத்தை நம்பாமல் இருக்கப் பழகிய ஒரு மக்கள்கூட்டம், நண்பர்கள் பகிர்ந்ததாகத் தோன்றியதை மட்டும் நம்பியது. ராணுவம் பிடித்துக்கொண்டது அந்த நம்பிக்கையைத்தான்.

இவ்வளவு பெரிய சந்தையில் பர்மிய மொழியைக் கவனிக்க முகநூல் நிறுவனம் வைத்திருந்த ஆட்கள் எத்தனை பேர்? 2015-ன் தொடக்கத்தில், புகார் வந்த பதிவுகளைச் சரிபார்த்தவர்களில் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்பதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளிக்கொணர்ந்தது. சிறுபான்மையினரை ஒருவர் விடாமல் கொல்லச் சொன்ன ஒரு பதிவை, முகநூலின் சொந்த மொழிபெயர்ப்புக் கருவி வானவில்லைப் பற்றிய வாக்கியமாக மாற்றிக் காட்டியதையும் அதே புலனாய்வு எடுத்துக்காட்டியது. அந்தப் பதிவை அமெரிக்காவில் யாராவது ஆங்கிலத்தில் படித்திருந்தாலும் அதில் ஆபத்தின் நிழல்கூடத் தென்பட்டிருக்காது.

எச்சரிக்கை இல்லாமல் இது நடக்கவில்லை. 2014 ஜூலையில் மாண்டலே நகரில், ஒரு பௌத்தப் பெண்ணை இஸ்லாமியர்கள் வன்புணர்ந்ததாக முகநூலில் பரவிய பொய் கலவரமாக வெடித்து இரண்டு உயிர்களைக் குடித்தது. மியான்மரில் பணியாற்றிய தொழில்முனைவோர் டேவிட் மேடன், 2015-ல் கலிபோர்னியாவில் உள்ள முகநூல் தலைமையகத்துக்கே சென்று, ருவாண்டா இனப்படுகொலையில் வெறுப்பைத் தூண்டிய வானொலி வகித்த இடத்தை மியான்மரில் முகநூல் வகிக்கக்கூடும் என்று அதிகாரிகள் முன்னிலையில் எடுத்துரைத்தார். யாங்கோனில் இயங்கிய குடிமைச் சமூக அமைப்புகள் ஆபத்தான பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரட்டி அனுப்பிக்கொண்டே இருந்தன. ஊதியமின்றிக் காவல் காத்த அவர்களுக்கு அந்த நிறுவனம் பட்டிருக்கும் கடன் பெரிது.

அடுத்து ராணுவம் செய்ததைப் பார்ப்போம். 2018 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வின்படி, எழுநூறு பேர் வரை ஈடுபட்ட ஓர் இரகசியப் பிரிவு, தலைநகர் நேபிடாவுக்கு அருகிலுள்ள குன்றடிவாரத் தளங்களிலிருந்து ஷிப்டு முறையில் இயங்கியது. அவர்கள் ராணுவத்தின் பெயரில் எழுதவில்லை. பாடகர்கள், அழகிகள், நடிகர்கள் பெயரிலும், அழகுக் குறிப்பு, நகைச்சுவை என்ற போர்வையிலும் பக்கங்களைத் தொடங்கி, பல ஆண்டுகள் பொறுமையாகக் கூட்டம் சேர்த்தார்கள். பின்தொடர்வோர் பெருகிய பிறகு, அதே பக்கங்களின் வழியாக, இஸ்லாமியச் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பும், பொய்ப் படங்களும், இட்டுக்கட்டிய செய்திகளும் ஊட்டப்பட்டன. தமக்குப் பிடித்த பாடகரின் படத்துக்கு விருப்பக்குறி இட்ட ஓர் இளம்பெண், தான் ஒரு ராணுவ முகாமோடு உறவு ஏற்படுத்திக்கொண்டதை எப்படி அறிந்திருப்பார்?

2017 செப்டம்பரில் நடந்ததை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. இஸ்லாமியர்கள் தாக்கப்போகிறார்கள் என்ற செய்தி பௌத்தர்களுக்கும், பௌத்தர்கள் ஊர்வலமாக வரப்போகிறார்கள் என்ற செய்தி இஸ்லாமியர்களுக்கும் ஒரே நேரத்தில் முகநூலின் மெசஞ்சர் செயலி வழியாகப் பறந்தன. இரு தரப்பையும் அச்சத்தில் ஆழ்த்தி, ராணுவம் மட்டுமே காக்கும் என்று நம்பவைப்பதே அதன் நோக்கம் என்றும், அதன் பின்னால் இருந்தது ராணுவ உளவுப் பிரிவு என்றும் அதே புலனாய்வு கூறியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 25-ல் ரக்கைன் மாநிலத்தில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் கிராமங்கள் எரிந்துகொண்டிருந்தன. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் நாஃப் ஆற்றைக் கடந்தும் கடல்வழியாகவும் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்குத் தப்பியோடினார்கள்.

பொய் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதைக் காட்ட ஒரு சான்று போதும். 2018 ஜூலையில் மியான்மர் ராணுவத்தின் மக்கள்தொடர்பு மற்றும் உளவியல் போர்ப் பிரிவு ஒரு நூலை வெளியிட்டது. அதன் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி, முகநூல் வழியாகச் செய்தி பரப்பிவந்த ராணுவத்தின் தகவல் பிரிவிலிருந்து எடுத்தது. அந்நூலில் மங்கலான கருப்புவெள்ளைப் படம் ஒன்று, ரோஹிங்கியாக்கள் உள்ளூர் மக்களைக் கொன்றதற்குச் சான்று என்ற குறிப்போடு இடம்பெற்றது. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் ஆராய்ந்தபோது, அது 1971 வங்கதேசப் போரின்போது எடுக்கப்பட்ட படம் என்று தெரிந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வங்காளிகள் ஊடுருவியதைக் காட்டுவதாக அச்சிடப்பட்ட இன்னொரு படத்தில் நடந்து செல்பவர்கள் 1996-ல் தான்சானியாவில் இருந்த ருவாண்டா அகதிகள். புலிட்சர் விருது பெற்ற வண்ணப் படத்தைக் கருப்புவெள்ளையாக்கி, பழைய காலத்துப் படம்போல் காட்டியிருந்தார்கள். ஓர் இனப்படுகொலையைத் தொடர்ந்து அகதிகளானவர்களின் துயரத்தை எடுத்து, இன்னொரு இனத்தை விரட்டியதற்கு நியாயம் கற்பிக்கப் பயன்படுத்திய கொடுமையை விவரிக்க எனக்குச் சொற்கள் போதவில்லை.

2018 ஆகஸ்ட் 27-ல் ஐ.நா.வின் உண்மையறியும் குழு தன் அறிக்கையின் சாரத்தை வெளியிட்டு, ராணுவத்தின் உயர் தளபதிகளை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றது. அக்குழுவின் தலைவர் மர்சுகி தாருஸ்மான், ஈழப் போரின் இறுதிக் கட்டம் குறித்து 2011-ல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையின் வழியாகத் தமிழர்கள் நன்கு அறிந்தவர். அதே நாளில்தான் முகநூல் நிறுவனம் 18 கணக்குகளையும், 52 பக்கங்களையும், ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கையும் நீக்கியது; தலைமைத் தளபதி மின் ஆங் லயிங் உட்பட இருபது தனிநபர்களுக்கும் அமைப்புகளுக்கும் தடை விதித்தது. நீக்கப்பட்டவற்றைப் பின்தொடர்ந்தோர் ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் பேர். உலகின் பார்வை முழுவதும் தன்மீது விழுந்த நாள் வரை காத்திருந்து எடுத்த நடவடிக்கை அது. வன்முறையைத் தூண்டத் தங்கள் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லை என்று அந்த நிறுவனம் நவம்பரில் ஒப்புக்கொண்டது. அதற்குள் காக்ஸ் பஜார் முகாம்களில் தார்ப்பாய்க் குடிசைகள் நிரந்தரக் குடியிருப்பாகிவிட்டிருந்தன.

நீக்கிய பதிவுகளைப் பாதுகாத்து வைத்திருப்பதாக அந்த நிறுவனம் அன்றே சொன்னது. அப்படியானால் அவை நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டுமல்லவா? 2019 நவம்பரில் காம்பியா நாடு மியான்மரைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. நீக்கப்பட்ட ராணுவக் கணக்குகளின் விவரங்களைப் பெற, 2020-ல் அமெரிக்க நீதிமன்றத்தையும் அணுகியது. அமெரிக்கத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி முகநூல் எதிர்த்தது. 2021 செப்டம்பரில் ஒரு நீதிபதி காம்பியாவுக்கு ஆதரவாக உத்தரவிட்டார். மூன்று மாதம் முடிவதற்குள் அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி அதை ரத்து செய்தார். மியான்மர் குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த தனிப் பொறிமுறையின் தலைவரும், கேட்ட சான்றுகள் வரவில்லை என்று 2020 ஆகஸ்டில் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகே முதல் தொகுதித் தரவு அவர்கள் கைக்கு வந்தது. தனியுரிமைச் சட்டம் குடிமகனை அரசிடமிருந்து காக்கப் பிறந்தது. அதே சட்டம், குடிமக்களைக் கொன்ற குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் ஒரு ராணுவத்தின் போலிக் கணக்குகளுக்குக் கவசமானது என்றால், சட்டத்தைத் திருத்தக் கோருவதில் தவறே இல்லை.

இதே நிறுவனத்துக்கு வேறுவிதமாக நடந்துகொள்ளவும் தெரிந்திருந்தது. 2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இயங்கிய இணைய ஆய்வு முகமை நடத்திய போலிப் பக்கங்கள் அம்பலமானபோது, அமெரிக்க நாடாளுமன்றம் நிறுவன அதிகாரிகளை அழைத்து விசாரித்தது. அந்தப் பக்கங்களில் எதையாவது தாம் பின்தொடர்ந்திருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளும் வசதியை 2017 டிசம்பரில் முகநூல் ஏற்படுத்திக் கொடுத்தது. ட்விட்டர் தன் பயனர்களுக்கு மின்னஞ்சலே அனுப்பியது. செய்ய முடியாத வேலை அல்ல என்பதற்கு இதுவே சான்று. அந்தக் கரிசனத்தை ஒரு வல்லரசின் நாடாளுமன்றம் அதட்டிப் பெற்றது. ஏழை நாடுகளுக்கு அது விதியாக எழுதப்பட்டால்தான் கிடைக்கும். ஹோண்டுராஸின் அன்றைய அதிபர் ஹெர்னாண்டஸின் செல்வாக்கைப் பெருக்கிக் காட்ட நூற்றுக்கணக்கான போலிப் பக்கங்கள் இயங்கியதைக் கண்டுபிடித்த சோஃபி ஜாங் என்ற முகநூல் ஊழியர், அதன்மீது நடவடிக்கை எடுக்கவைக்க ஏறக்குறைய ஓராண்டு போராட வேண்டியிருந்தது. 2020-ல் அவரே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

கடந்த சில ஆண்டுகளில் நிலைமை இன்னும் பின்னோக்கிச் செல்வதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. அரசு சார்ந்த தகவல் நடவடிக்கைகளில் நீக்கிய பதிவுகளை 2018 முதல் ட்விட்டர் ஆவணக்காப்பகமாக வெளியிட்டு வந்தது. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அதிலிருந்துதான் பல நாட்டு அரசுகளின் உத்திகளைப் படித்தறிந்தார்கள். நிறுவனம் கைமாறிய பிறகு அந்தப் பழக்கம் நின்றது. அரசு ஊடகக் கணக்குகளுக்கு இட்ட அடையாளக் குறிப்பும் 2023 ஏப்ரலில் அகற்றப்பட்டது. ஒரு பதிவு எந்தப் பக்கங்கள் வழியாகப் பரவியது என்று செய்தியாளர்கள் தேடிப்பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியார் உண்மை சரிபார்ப்புத் திட்டத்தைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. மியான்மரில் நடந்ததை வெளிக்கொணர்ந்தவர்கள் வெளியாட்கள். அவர்களுக்கு இருந்த சன்னல்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டால், அடுத்த முறை யார் கண்டுபிடிப்பார்கள்?

பொய் எது, மெய் எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசுகளிடம் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தில் கேட்டாலும், இது நோயையே மருத்துவராக்கும் யோசனை. 2021 பிப்ரவரி 1-ல் ஆட்சியைக் கைப்பற்றிய மியான்மர் ராணுவம், சில நாட்களிலேயே நாட்டின் நிலைத்தன்மையைக் காரணம் காட்டி முகநூலை முடக்கியது. மக்கள் தங்கள் எதிர்ப்பை ஒருங்கிணைக்கவும் அதே தளத்தைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதே உண்மையான காரணம். இந்தியாவிலும், ஒன்றிய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசே நிறுவும் பிரிவு முடிவு செய்யும் என்ற விதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். எந்தப் பதிவை நீக்க வேண்டும் என்று அரசு ஆணையிடுவதைக் காட்டிலும், நிறுவனங்கள் என்ன செய்தன என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவைக்கும் சட்டமே நமக்குத் தேவை.

அப்படிப்பட்ட சட்டத்துக்கு ஒரு மாதிரியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், மிகப் பெரிய தளங்கள் தங்களிடம் பதிவுகளைச் சரிபார்க்கும் ஊழியர்கள் ஒன்றியத்தின் ஒவ்வோர் அலுவல் மொழிக்கும் எத்தனை பேர் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. தகுதிபெற்ற ஆய்வாளர்களுக்குத் தரவைத் திறந்துவிடும் கடமையையும் விதிக்கிறது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் பேசும் மால்டீஸ் மொழிக்கு இன்று அந்தக் கணக்கு கிடைக்கிறது. ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் தமிழுக்கு அதைக் கேட்டுப் பெறும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி மாதந்தோறும் வெளியாகும் அறிக்கைகளில் மொத்த எண்ணிக்கைகளே இடம்பெறுகின்றன. மொழிவாரி விவரத்தை அந்த விதிகள் கேட்கவில்லை. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் இஸ்லாமியர்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, சிங்களம் அறிந்த சரிபார்ப்பாளர்கள் போதிய அளவு இல்லாதது உயிர்ச்சேதத்தோடு வெளிப்பட்டது. அதற்கு முகநூல் 2020-ல்தான் மன்னிப்புக் கேட்டது. பர்மிய மொழிக்கும் சிங்களத்துக்கும் நேர்ந்தது தமிழுக்கு நேராது என்று நம்ப எந்த ஆதாரமும் நம் கையில் இல்லை.

என் தாய்வழிக் குடும்பம் 1960-களில் ரங்கூனிலிருந்து கப்பலேறித் தமிழகம் வந்தது. அந்த நாட்டின் ராணுவம் அயலவர் என்று யாரை முத்திரை குத்துகிறதோ அவர்களுக்கு என்ன நேரும் என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் அரசின் கட்டடம் ஒன்றில் பல ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் ரோஹிங்கியா குடும்பங்களைப் பற்றித் தங்களைப் போன்ற பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அவர்கள் ஏன் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது என்ற கதையில் முகநூலுக்கு இருக்கும் பங்கையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களைப் பற்றி இங்கே பகிரப்படும் பல அவதூறுகள், அந்தப் போலிப் பக்கங்களில் பிறந்தவற்றின் மறுபிறவியே.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம், குறிப்பாகத் தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழுவில் இடம்பெறும் உறுப்பினர்களிடம், தங்கள் நாளிதழ் வாயிலாக நான் முன்வைக்கும் கோரிக்கை இதுவே. தமிழ் உள்ளிட்ட, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் ஒவ்வொன்றிலும் எத்தனை சரிபார்ப்பாளர்கள் பணிபுரிகிறார்கள் என்பதை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எந்த அரசு நடத்தியதாக இருந்தாலும், நம் சொந்த அரசே நடத்தியதாக இருந்தாலும், நீக்கப்பட்ட போலிப் பக்கங்களின் பெயர்களும் பதிவுகளும் சுயேச்சையான ஆய்வாளர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் குறிப்பிட்ட காலத்துக்குள் கிடைக்க வேண்டும். அந்தப் பக்கங்களைப் பின்தொடர்ந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் தகவல் அனுப்பப்பட வேண்டும். 2017-ல் அமெரிக்க வாக்காளருக்குச் செய்து கொடுத்த வசதியைத்தான் கேட்கிறோம். அடுத்த கூட்டத்தொடரில் இதை ஒரு கேள்வியாக எழுப்ப ஓர் உறுப்பினராவது முன்வந்தால், நிறுவனங்கள் அளிக்கும் பதிலைத் தங்கள் நாளிதழ் முழுமையாக அச்சிட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
நீண்டகால வாசகர்,
திருச்சிராப்பள்ளி